இருபத்தெட்டு ‘இல்லை’

மேஜைமேல் என் படிவங்கள் இருபத்தெட்டும் சீட்டுக்கட்டைப் போல விரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பதினோராவது கேள்விக்கு நேராகச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் என் கையெழுத்தில் ஒரே சொல்: இல்லை.

“இருபத்தெட்டு வீடு. ஒரு வீட்ல கூடவா தறி ஓடலை?” என்றார் எங்கள் கணக்கெடுப்பு அதிகாரி வேங்கடேசன்.

“இல்லீங்க சார்.”

“காஞ்சிபுரத்துல?”

“ஆமாங்க சார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் மாடி அறை அது. கணக்கெடுப்பு முடியும்வரை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். கீழே பின்கட்டில் சாயம் காய்ச்சுவார்கள். அந்த ஆவி ஜன்னல் வழியாக மேலே வந்து, படிவங்களில்கூட ஒரு புளித்த வாடை ஏறியிருக்கும்.

மேற்கு ஜன்னல் வெயில் அறையைக் கடந்து எதிர்ச்சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது. எனக்கு அந்த அறையில் அதுதான் கடிகாரம். நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். அங்கிருந்து என் வீடு இருக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்கு எட்டிப்போட்டு நடந்தாலும் அரை மணி ஆகும். இவர் இன்னும் பத்து நிமிடத்தில் விட்டால்தான் இன்றைக்குச் சோறு என்று மனசுக்குள் ஒரு மூலை கணக்குப் போட்டபடியே இருந்தது.

“ஓடலைன்னு எழுதினா அடுத்த ஒன்பது கேள்வியும் கேக்க வேண்டியதில்லை. தெரியுமில்ல?” என்றார். “ஒரு சேலைக்கு எத்தனை நாள், எவ்வளவு நூல், வீட்டுப் பெண்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்யறாங்க, ஒண்ணும் வேணாம். ஒரு ‘இல்லை’, அடுத்த வீடு. ஒரு நாளைக்கு யாரும் பன்னிரண்டு வீட்டுக்கு மேல எழுதினதில்லை. நீங்க ஒரே நாள்ல இருபத்தெட்டு. நேராவே கேக்கறேன். அந்தத் தெருவுக்கு நீங்க போனீங்களா, இல்லையா?”

பொய்ப் படிவம் எழுதியவரின் பெயரை அடித்துவிடுவார்கள், அப்புறம் எந்தக் கணக்கெடுப்பிலும் சேர்க்க மாட்டார்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அதோடு இன்னொன்றும் இருந்தது. இந்த வேலை முடிந்ததும் எங்களில் ஒரே ஒருவரைச் சென்னை அலுவலகத்தில் தொகுப்பு வேலைக்கு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டுமே என்று இரண்டு மாதமாகத் தூக்கத்தில்கூட விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தவள் நான்.

முதல் கணக்கும் முழுப் பரீட்சையும்

இந்தத் தொடரில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு கல்லூரி மாணவி கடிதம் போட்டிருக்கிறார். புள்ளியியலாளர் ஆக எந்தப் படிப்பு எடுக்க வேண்டும், எந்தப் பரீட்சை எழுத வேண்டும் என்று கேட்கிறார். வேங்கடேசன் மாதிரி வருவதுதான் ராஜபாட்டை. கணிதத்தில் பட்டம், புள்ளியியலில் மேல்பட்டம், ஒரு போட்டித் தேர்வு. அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. இடுப்பில் தோலுறையில், பெருக்கல் வகுத்தலை நொடியில் போட்டுவிடும் அளவுகோலான ஸ்லைடு ரூல் ஒன்று தொங்கும். அதை அவர் உருவுவதைப் பார்த்தாலே எங்களுக்குப் பயமாக இருக்கும்.

நான் வந்த வழியை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் அப்படியும் ஒரு வழி இருந்தது.

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் கணக்குத் தாளில் முதல் கணக்கைப் போட்டேன். விடை சரிதானா என்று ஒரு சந்தேகம். மறுபடி கூட்டினேன். அதே விடை. இரண்டு தடவையும் ஒரே தப்பைச் செய்திருந்தால்? மூன்றாம் தடவை கீழேயிருந்து மேலாகக் கூட்டினேன். மணி அடித்தபோது எட்டுக் கணக்கில் இரண்டைத்தான் முடித்திருந்தேன். இரண்டும் சரி. ஃபெயில்.

“போதும் வுடு,” என்றார் அப்பா. அவர் கோபமாகச் சொல்லவில்லை. வயல் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. எனக்கும் பரீட்சை என்றாலே பயம்.

கல்யாணமாகி, கையில் குழந்தை இல்லாத ஐந்தாறு வருஷம் கழித்து, என் வீட்டுக்காரர் வாலாஜாபாத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவந்தார். அவர் அங்கே ஒரு ரைஸ் மில்லில் குமாஸ்தா. தினமும் பஸ்ஸில் போய் வருவார். மில் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்து எழுதிவந்திருந்தார். நெசவாளர் வீடுகளில் கணக்கெடுக்க ஆட்கள் தேவை, எட்டாம் வகுப்பு போதும், வீட்டுக்குள் போய்ப் பெண்களிடம் பேசக்கூடியவர்களுக்கு முன்னுரிமை.

“எனக்கு பயமா இருக்குது,” என்றேன்.

“உனக்கு எதுக்குத்தான் பயம் இல்ல? அடுப்ப அணைச்சியான்னு பாதி வழியில திரும்பி வர ஆளு நீ. கணக்கெடுக்கறதுன்னா அதான். பார்த்தத இன்னொரு தடவ பாக்கறது. அதுக்கு சம்பளம் வேற தரானுங்களாம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பின்னாளில் எத்தனையோ பெரியவர்கள் எங்கள் துறையைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. பட்டுநூலுக்காகப் புழுவோடு கூட்டை வேகவைக்கிறார்கள் என்பதால் எங்கள் வீட்டில் அம்மா பட்டு கட்ட மாட்டாள். கல்யாணத்துக்கே எனக்குப் பருத்திதான். “அந்தத் தறி வீட்டு வாசப்படி ஏறணுமா நீ?” என்றாள். நான் நெய்யப் போகவில்லையே, எண்ணத்தானே போகிறேன் என்றேன். “எண்ணறதும் அதுல ஒரு கைதான்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதையும் ஒரு மாதம் யோசித்துக் கவலைப்பட்டேன்.

அமாவாசைத் திட்டம்

மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் எனக்கு மந்திரம் போலப் பதிந்தது ஒன்று: நீங்கள் போகும் நாளில், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். வழக்கமாக எப்படி, போன வாரம் எப்படி என்பதெல்லாம் வேண்டாம். பதினோராவது கேள்வியும் அப்படித்தான் இருந்தது. ‘இன்று தறி ஓடுகிறதா?’

வேலையில் இறங்கியபிறகுதான் சங்கடம் தெரிந்தது. தறியில் உட்கார்ந்திருப்பவர் நம்மிடம் பேச மாட்டார். பேசினால் கை நிற்கும். நூலை இழுத்துக்கொண்டு நாடா குறுக்கே ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் நான் கேள்வியைக் கத்த வேண்டும். “அப்பால வாம்மா” என்பார். அப்பால போனால் சாப்பாட்டு நேரம். அதற்கப்புறம் போனால் எனக்குப் பொழுது சாய்ந்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்பது வீடு முடித்தாலே பெரிது.

என் பங்கில் இருந்ததிலேயே பெரிய தெருவை நினைத்து நினைத்துக் கவலைப்பட்டேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அமாவாசையன்று அங்கே யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள் அவர்களுக்கு ஓய்வு. குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வீட்டில் சும்மா இருப்பார்கள். பேச ஆள் கிடைக்கும்!

அந்தத் தெருவை அமாவாசைக்கென்று எடுத்து வைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது அடிக்கடி நடப்பதில்லை.

நினைத்தபடியே ஆயிற்று. வீட்டுக்கு வீடு உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் அந்தம்மாவிடம் வயது கேட்டேன்.

“நாப்பது போட்டுக்கோம்மா.”

உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர், “போன தபா ஓட்டு லிஸ்ட்டு எழுத வந்தப்பவும் நாப்பதுன்னுதான சொன்ன?” என்றார்.

“ஒரே பேச்சா பேசறவ நானு. உன்ன மாதிரி மாத்தி மாத்தி பேச வராது.”

நாற்பது என்று எழுதிக்கொண்டேன்.

“தறி ஓடுதாங்க?”

“இன்னாம்மா கேள்வி இது? இன்னிக்கு எப்டி ஓடும்?” என்று சிரித்தார் அந்த வீட்டுக்காரர்.

கண்ணால் பார்த்தேன். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலின்மேல் வெள்ளைத் துணி போர்த்தித் தறி சும்மா இருந்தது. ‘இல்லை’ என்று எழுதினேன். விதிப்படி அடுத்த ஒன்பது கேள்விகளைத் தாண்டினேன். இருபத்தெட்டு வீடு. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. கோயில் வாசலில் உட்கார்ந்து படிவங்களை மூன்று தடவை எண்ணி, நூலால் கட்டிப் பையில் வைத்தேன். பாதி வழியில் நின்று இன்னொரு தடவை எண்ணினேன்.

அமாவாசை என்று எந்தப் படிவத்திலும் நான் குறிப்பு எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அடுத்த தெரு, எங்களோடு கணக்கெடுத்த செல்வராஜுடையது. என்னைவிட இரண்டு வயது சின்னவன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அந்தத் தெருவிலேயே தறி வீட்டில் பிறந்தவன். அப்பா தவறியபின் இரண்டு மூன்று வருஷம் தானே நெய்து, சர்க்கார் வேலை கிடைக்கும் என்று இதற்கு வந்தவன். நன்றாகப் பாடுவான், எல்லோரையும் சிரிக்க வைப்பான். சென்னைக்குப் போகும் அந்த ஒரு இடத்துக்கு அவனும் ஆசைப்பட்டான்.

அமாவாசைக்கு மறுநாள் காலை அவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மடியில் படிவக் கட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

“இன்னா யக்கா, நேத்து தேதி இன்னா போட்ட?”

சொன்னேன்.

“நேத்து மேட்னி ஷோ போய்ட்டேன். அமாசைல எவன் வேல செய்வான்? ஆனா அந்த ஆளு தினம் கணக்கு கேக்கறாரே. அதான் ஒக்காந்து போட்டுக்கினு இருக்கேன். என் தெருதான, எந்த வூட்ல எத்தினி தறின்னு எனக்கு தெரியாதா?”

“அது தப்பில்ல?”

“நீ வேற யக்கா. எழுதறது நெசம்தான். போய்ப் பாத்தாதான் நெசமாவுமா?”

அன்று முழுக்க அவன் கேட்டதையே யோசித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சுவரில் ஏறிய வெயில்

மாடி அறைக்குத் திரும்புகிறேன்.

“போனேன் சார். எல்லா வீட்டுக்கும் போனேன்.”

“அப்ப ஏன் ஓடலை?”

“அன்னிக்கு ஓடாதுங்க சார்.”

“ஏன் ஓடாது?”

அவர் என்னைச் சோதிப்பதாக நினைத்தேன். தெரிந்ததையே கேட்கிறார், இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று பயந்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று விழித்தேன். நான் விழிக்க விழிக்க அவர் முகம் இறுகியது.

“சொல்லுங்கம்மா. ஏன் ஓடாது?”

“அமாவாசைங்க சார்.”

“அமாவாசைன்னா?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவருக்குத் தெரியாது. இவ்வளவு படித்தவருக்கு, இடுப்பில் ஸ்லைடு ரூல் வைத்திருப்பவருக்கு, இந்த ஊர்க் குழந்தைக்குத் தெரிந்தது தெரியாது.

“அமாவாசைல தறில உக்கார மாட்டாங்க சார். லீவு.”

“எங்க வீட்ல அமாவாசைன்னா தர்ப்பணம். தறி எதுக்கு நிக்கணும்?”

“தெரியாதுங்க சார். நிக்கும்.”

அவர் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். எழுந்துபோய்த் தாளைத் தூக்கித் தேதியின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியது. எனக்கு மூச்சு வந்தது.

அந்த மூச்சை விடுவதற்குள் அவர் இன்னொரு கட்டைப் பிரித்தார்.

“அப்ப இது?”

செல்வராஜின் கட்டு. முப்பது படிவம். அதே தேதி. முப்பதிலும் பதினோராவது கேள்விக்கு அழகான கையெழுத்தில் ‘ஆம்’. ஒன்பது கேள்விக்கும் நிறைவான பதில். சிவப்பு வட்டம் ஒன்றுகூட இல்லை. சந்தேகமே வராத அளவுக்கு நல்ல படிவங்கள்.

வெயில் சுவரின் பாதியைத் தாண்டிவிட்டது.

தறி வீட்டில் பிறந்தவன். அமாவாசைக்கு லீவு எடுத்துக்கொண்டு மேட்னி போனவன். அதே அமாவாசைக்கு முப்பது வீட்டிலும் தறி ஓடுவதாக எழுதி வைத்திருக்கிறான்!

“ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்துத் தெரு, ஒரே நாள்,” என்றார் வேங்கடேசன். “ஒரு தெருவுல ஒரு தறிகூட ஓடலை. இன்னொண்ணுல ஒண்ணுகூட நிக்கலை. ரெண்டுல ஒண்ணு பொய். இவர் அந்த வீடுகளுக்குப் போனாரா?”

நான் வாயைத் திறக்காவிட்டால் பொய் என் தலையில். திறந்தால் அவன் தலையில். டீக்கடை பெஞ்சு கண் முன்னால் நின்றது.

“அந்தத் தெருவுக்கு நான் போகலைங்க சார்,” என்றேன்.

ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் ‘அவன் போனான்’ என்று சொல்லாமல் அதைச் சொன்ன மாத்திரத்தில், நான் எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

அன்று வீட்டுக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்தேன்.

உண்மையும் உபயோகமும்

மறுநாள் காலை வேங்கடேசன் என்னை அழைத்துக்கொண்டு என் தெருவுக்கு வந்தார். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நூலுக்கு நூல் தாண்டி வந்தார். நாற்பது வயது அம்மாவின் வீட்டில் நின்றார்.

“அமாவாசை அன்னிக்கு தறி ஓடிச்சாங்க?”

அந்தம்மா என்னைப் பார்த்தாள். “இன்னாம்மா, அன்னிக்கே எழுதிக்கினு போனியே. இவுருக்கு படிச்சி காட்டலியா?” அப்புறம் அவரிடம், “அமாசைல தறில குந்த மாட்டோம்பா. ஊருக்கு புதுசா நீ?”

“ஆமாம்மா, புதுசுதான்,” என்றார் வேங்கடேசன். அதை அவர் சொன்ன விதத்தில் எனக்கு அவர்மேல் இருந்த பயம் பாதி போயிற்று.

செல்வராஜின் தெருவில் நான் உள்ளே போகவில்லை. முனையில் நின்றேன். அவர் நாலு வீட்டில் கேட்டுவிட்டுத் திரும்பினார். யாரும் வந்து எழுதிக்கொண்டு போகவில்லை என்று நாலு வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள். மாடி அறைக்கு வந்ததும் இரண்டு கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“உங்க ஃபார்ம் உண்மை. ஆனா எனக்கு உபயோகமில்லை. அவர் ஃபார்ம் உபயோகமா இருக்கும், உண்மையில்லை. ரெண்டு தெருவையும் மறுபடி எடுக்கணும். நீங்களே எடுங்க.”

பிறகு ஸ்கேலை எடுத்துப் பதினோராவது கேள்விக்குக் கீழே ஒரு கோடு கிழித்தார். ‘இல்லையெனில், காரணம்’ என்று எழுதினார். மீதமிருந்த வெற்றுப் படிவங்கள் எல்லாவற்றிலும் நான் உட்கார்ந்து கையால் அந்தக் கோட்டைக் கிழித்தேன். நூற்றுக்குமேல் இருக்கும்.

செல்வராஜின் பெயரை அன்றே அடித்துவிட்டார்கள். படியில் இறங்கும்போது எதிரில் வந்தான்.

“மெட்ராஸ் போனதும் லெட்டர் போடு யக்கா,” என்றான். “தேதி மட்டும் சரியா போடு.”



நடுவில் இதையும் சொல்லிவிடுகிறேன்

கடிதம் எழுதிய மாணவிக்காக மீதியையும் சொல்லிவிட வேண்டும். சென்னைக்குப் போனேன். தொகுப்புப் பிரிவில் நீளமான மேஜைகள். கைப்பிடியைச் சுற்றுகிற கணக்கு மெஷின்கள். கணக்கு எல்லை மீறினால் மணி அடிக்கும். நாள் முழுக்க முப்பது மெஷின் சுற்றுகிற சத்தத்தில் எனக்குத் தறித்தெருவில் இருப்பது போலவே இருக்கும். தினக்கூலிதான். எஸ்.எஸ்.எல்.சி. இல்லாமல் நிரந்தரமாக்க மாட்டார்கள்.

முப்பது வயதை நெருங்கும்போது தனித்தேர்வராக எழுதினேன். பரீட்சை மண்டபத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து எழுந்து நின்றாள். கணக்குத் தாள் அன்று வீட்டுக்காரர் வாசல்வரை வந்து, “மொதல் கணக்க ஒரே தபாதான் பாக்கணும், தெரியுதா?” என்று விரலைக் காட்டி மிரட்டிவிட்டுப் போனார். ஒரே தடவைதான் பார்த்தேன். அதில்தான் ஐந்து மதிப்பெண் போயிற்று. ஆனால் எட்டும் முடித்தேன்.

அப்புறம் துறைத் தேர்வுகள். ஒன்றில் இரண்டு தடவை தவறினேன். ஓய்வு பெறும்போது என் பெயருக்குக் கீழே ‘புள்ளியியல் ஆய்வாளர்’ என்று அச்சடித்திருந்தது. படித்து வந்தவர்கள் சூத்திரத்தைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிப்பார்கள். எனக்குச் சூத்திரம் பாதிதான் புரியும். ஆனால் ஒரு கட்டில் எல்லாப் பதிலும் ‘ஆம்’ என்று வந்தால் வயிற்றைப் பிசையும். பெரும்பாலும் வயிறு சொன்னது சரியாக இருந்தது. வேங்கடேசன் பின்னாளில் பெரிய அதிகாரி ஆனார். சந்தேகமான கட்டு ஏதாவது வந்தால், “இதை அந்தம்மாகிட்ட கொடுங்க, அவங்க கவலைப்படட்டும்” என்பாராம்.

முப்பதாவது வீடு

சென்னைக்குப் போவதற்கு முன்னால், செல்வராஜின் தெருவை மறுபடி எடுக்கப் போனபோது அவன் வீட்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். மூன்று நாளில் இருபத்தொன்பது வீடு முடிந்தது. அவன் எழுதியிருந்ததில் தறிகளின் எண்ணிக்கை அநேகமாகச் சரியாகவே இருந்தது. அவன் தெரு, அவனுக்குத் தெரியாதா. ஆனால் ஓடுவதாக எழுதிய தறிகளில் நாலு ஓடவில்லை. ஒரு வீட்டில் பாவு வரவில்லை. ஒரு வீட்டில் பிரசவம். ஒருவர் காமாலை கண்டு படுத்திருந்தார். ஒரு வீடு பூட்டியிருந்தது. திருப்பதிக்குப் போயிருந்தார்கள்.

காரணங்களை எழுதினேன்.

முப்பதாவது வீட்டு வாசலில் போய் நின்றேன். திரும்பிப் போய்விடலாமா, அவன் எழுதியதையே பார்த்து எழுதிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் வெட்கமாகிவிட்டது. கதவைத் தட்டினேன்.

அவன்தான் திறந்தான். பின்னால் அவன் மனைவி, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள், பாய் போட்டாள். உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்தேன்.

“கேளு யக்கா. வந்த வேலைய பாரு,” என்றான்.

பெயர், வயது, வீட்டில் எத்தனை பேர் என்று வரிசையாகக் கேட்டேன். அவனுக்கு எல்லாக் கேள்வியும் மனப்பாடம். அடுத்ததை நான் கேட்பதற்கு முன்னாலேயே அவன் பதிலோடு நின்றான்.

“தறி எத்தன?”

“ஒண்ணு.”

“இன்னிக்கு ஓடுதா?”

அவன் படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதியிருந்தான். இருவருக்கும் அது நினைவிருந்தது. நான் நிமிர்ந்து உள்ளே பார்த்தேன். தறிக்குழியின்மேல் பலகை போட்டு, அதன்மேல் அரிசி மூட்டையும் ஒரு தகரப் பெட்டியும் வைத்திருந்தார்கள். பாவு இல்லை. சுவரோரம் சாய்ந்திருந்த தறி அச்சில் சிலந்தி நூல் கட்டியிருந்தது.

“இல்ல,” என்றான்.

எழுதினேன். அடுத்து நான் என் கையால் கோடு கிழித்த கேள்வி. அது மட்டும் அவனுக்குத் தெரியாத கேள்வி.

“காரணம்?”

முதல் தடவையாக அவன் யோசித்தான். அவன் மனைவி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எழுதிக்கோ,” என்றான். “நெய்யறவன் கணக்கெடுக்கப் போயிட்டான்.”

நான் தலையைத் தூக்கவில்லை. மை காயும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். விதிப்படி அடுத்த ஒன்பது கேள்விகளைத் தாண்டினேன். கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டியபோது, அவன் வாங்கி ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு, “தேதி போடல யக்கா” என்றான்.

தேதியைப் போட்டேன். அவன் கையெழுத்துப் போட்டான்.